ஏஐ ஏஜென்ட்டின் கையில் தரவை அழிக்கும் கருவியைக் கொடுக்கலாமா?

கருவிகளைத் தானே இயக்கி வேலையை முடிக்கும் ஏஐ ஏஜென்ட்டுக்குத் தரும் அறிவுறுத்தலில் (ப்ராம்ப்ட்டில்) “அனுமதியின்றி எதையும் அழிக்காதே” என்று எழுதிவைத்தால் போதுமா என்று கேட்டிருக்கிறீர்கள். போதாது. ஏஜென்ட் அந்த வரியைப் பெரும்பாலும் மதிக்கும். ஆனால் தான் செய்வது அழிவு என்றே அது உணராத இடத்தில் அந்த வரியால் பயன் இல்லை.

எனக்கு நேர்ந்தது அதுதான். சோதனைக் கணக்குகளை நீக்கச் சொன்னேன். ஏஜென்ட்டிடம் இருந்ததோ எந்த எஸ்க்யூஎல் (தரவுத்தள மொழி) கட்டளையையும் இயக்கக்கூடிய ஒரே கருவி. மின்னஞ்சல் முகவரியில் ‘டெஸ்ட்’ என்ற சொல் வருகிற தரவு வரிகளையெல்லாம் அது தேர்ந்தெடுத்தது. முகவரியில் ‘கான்டெஸ்ட்’ என்று வைத்திருந்த உண்மையான பயனர்களும் அதில் அகப்பட்டுக்கொண்டார்கள். ஒப்புதல் கேட்கத்தான் செய்தது. “கட்டளையை இயக்கலாமா?” என்ற அந்தக் கேள்விக்கு அன்று காலையிலிருந்து இருபது முறையாவது ‘ஆம்’ அழுத்தியிருந்த நான், இருபத்தொன்றாவது முறையும் படிக்காமலே அழுத்தினேன்.

அதன்பின் முதலில் மாற்றியது தரவுத்தளக் கணக்கை. போஸ்ட்கிரெஸ்கியூஎல் என்ற தரவுத்தளத்தில் வரிகளை நீக்கும் டெலீட், டேபிளை ஒரேயடியாகக் காலி செய்யும் ட்ரங்கேட் இரண்டும் தனித்தனியே வழங்கப்படும் உரிமைகள்; டேபிளையே நீக்கும் டிராப் உரிமையோ யாருக்கும் தனியாக வழங்க முடியாதபடி உரிமையாளர் கணக்கோடு ஒட்டியிருப்பது. ஆகவே வசதி கருதி உரிமையாளர் கணக்கிலேயே ஏஜென்ட்டை இணைத்துவிட்டால், மற்ற கட்டுப்பாடுகள் எல்லாம் ஒப்புக்குத்தான். இப்போது அதன் கணக்குக்கு வாசிக்கும் உரிமை மட்டுமே உண்டு.

அழிக்க வேண்டியதற்கு ஒரு குறுகிய கருவி இருக்கிறது. ஏஜென்ட் வரிகளின் அடையாள எண்களை மட்டும் அதற்குத் தரலாம். ஐம்பதுக்கு மேல் தந்தால் கருவியே மறுத்துவிடும். ஒப்புதல் திரையில் எந்தச் சூழல் (சோதனையா, உண்மையான பயன்பாடா), எத்தனை வரிகள், மாதிரிக்கு ஐந்து வரிகள் எவை என்பதெல்லாம் தெரியும். ‘ஆம்’ பொத்தானுக்குப் பதில் அந்த எண்ணிக்கையை நானே தட்டச்சு செய்ய வேண்டும். ஒப்புதல் அந்த எண்களுக்கு மட்டுமே செல்லும் என்பதால், இடையில் ஏஜென்ட் மனம் மாறினாலும் (மாறும்!) வேறு வரிகளைத் தொட முடியாது. அப்போதும் வரிகள் ‘நீக்கப்பட்டவை’ என்று குறிக்கப்படுகின்றன, அவ்வளவே. உண்மையான அழிப்பை 30 நாள் கழித்து வேறொரு கணக்கில் ஓடும் பணி செய்கிறது.

எம்சிபி (ஏஐயோடு கருவிகளை இணைக்கும் பொது நெறிமுறை) வழியாகக் கருவிகளை இணைப்பவர்கள், ஒரு கருவி அழிக்கக்கூடியதா என்று காட்டும் ‘டிஸ்ட்ரக்டிவ்ஹின்ட்’ என்ற குறியைக் காவல் என்று நினைத்துவிட வேண்டாம். அது கருவியை வழங்கும் சர்வர் தன்னைப் பற்றித் தானே சொல்லிக்கொள்வது.

பலர் கவனிக்காமல் விடுவது, கணினிக்கு நேரடியாகக் கட்டளையிடும் டெர்மினல். அந்த அணுகலும் (ஷெல்), உரிமையாளர் கடவுச்சொல் உள்ள கோப்பும் ஒரே கணினியில் இருந்தால், கருவி மறுத்ததும் ஏஜென்ட் அந்தக் கோப்பைத் தேடிப் படித்து வேறு வழியில் வேலையை முடித்துவிடக்கூடும். அதற்குத் தீய எண்ணம் தேவையில்லை, முடிக்க வேண்டும் என்ற முனைப்பே போதும்.

பேக்கப்பை நீக்கும் சாவியும் அதன் கண்ணில் படக்கூடாது. 2017 ஜனவரி 31 அன்று கிட்லேப் என்ற மென்பொருள் நிறுவனத்தில் தவறான சர்வரில் தரவை அழித்தவர் ஒரு மனிதப் பொறியாளர்தான். சுமார் 6 மணி நேரத் தரவு திரும்பவே இல்லை, நம்பியிருந்த பேக்கப் முறைகளும் கைகொடுக்கவில்லை. அதனால் மாதம் ஒருமுறை பேக்கப்பிலிருந்து தனி சர்வரில் மீட்டுப் பார்க்கிறேன். அந்த வேலையை மட்டும் ஏஜென்ட்டிடம் விடுவதில்லை.