பாஸ்போர்ட்டில் வரும் "லெட்" எப்படித் தடையைக் குறிக்கும்?

"லெட் என்றால் அனுமதிப்பதுதானே? பிறகு இந்திய பாஸ்போர்ட்டில் 'வித்தவுட் லெட் ஆர் ஹிண்ட்ரன்ஸ்' என்று ஏன் இருக்கிறது?" என்று கேட்டிருக்கிறீர்கள்.

இவை ஒரே சொல்லின் இரண்டு பொருள்கள் அல்ல. இரண்டு வெவ்வேறு சொற்கள். பழைய ஆங்கிலத்தில் "லேட்டன்" என்றால் விடுவது, அனுமதிப்பது. "லெட்டன்" என்றால் தடுப்பது, தாமதப்படுத்துவது. தாமதத்தைக் குறிக்கும் இன்றைய "லேட்" இந்த இரண்டாவதற்குத்தான் நெருங்கிய உறவு. காலப்போக்கில் முதல் சொல்லின் நெடில் குறுகியது, இரண்டுக்கும் கடைசி அசை உதிர்ந்தது. மிஞ்சியது ஒரே "லெட்". நேரெதிர்ப் பொருள்கள் ஒரே ஒலியில் நின்றால் ஒன்று ஒதுங்கத்தானே வேண்டும்? தடுக்கும் லெட் ஒதுங்கியது.

ஆனால் 1600-ஐ ஒட்டிய ஆங்கிலத்தில் அது உயிரோடு இருந்தது. ஷேக்ஸ்பியரின் ஹாம்லெட் நாடகத்தின் முதல் அங்கத்தில், ஆவியின் பின்னே போகவிடாமல் நண்பர்கள் பிடித்துக்கொள்ள, "என்னை லெட் செய்பவனை ஆவியாக்கிவிடுவேன்" என்கிறான் இளவரசன் ஹாம்லெட். அனுமதி என்று படித்தால் அந்த வரியே தலைகீழாகிவிடும். 1611-இல் வந்த கிங் ஜேம்ஸ் பைபிளில் ரோமர் 1:13-ஐப் பாருங்கள். பவுல் பலமுறை வர நினைத்தும் "வாஸ் லெட் ஹிதர்டூ" என்கிறார். தமிழ் வேதாகமம் அதை "இதுவரைக்கும் எனக்குத் தடையுண்டாயிற்று" என்று சரியாகவே தருகிறது. பழைய ஆங்கில பைபிள் வாசிப்பவர்கள் 2 தெசலோனிக்கேயர் 2:7-இலும் இதே இடத்தில் இடறுவார்கள்.

பழைய நூல்களில் பிரித்தறிய வாக்கிய அமைப்பைப் பாருங்கள். லெட்டுக்குப் பின் ஆளும், அடுத்து இன்னொரு வினையும் வந்தால் ("லெட் ஹிம் கோ") அது அனுமதி. ஆளோடு நின்றுவிட்டால் பெரும்பாலும் தடை. வீடு விஷயம் மட்டும் விலக்கு: நம் தெருக்களில் தொங்கும் "டு லெட்" பலகை அனுமதி லெட்டின் கிளை; வாடகைக்கு விடுவது.

பாஸ்போர்ட்டில் அது பெயர்ச்சொல். அதே வாக்கியத்தில் "அலவ்" முன்பே வந்துவிடுவதால், லெட்டையும் அனுமதி என்று கொண்டால் "அனுமதியின்றி அனுமதியுங்கள்" என்றாகிவிடும். லெட்டும் ஹிண்ட்ரன்ஸும் சொல்வது தடை என்ற ஒன்றைத்தான். சட்ட ஆங்கிலத்துக்கு இப்படி இரட்டித்துச் சொல்வது வழக்கம்.

தடை லெட் இன்றும் தினசரிப் பேச்சில் இருக்கும் இடம் விளையாட்டுத் திடல். டென்னிஸில் சர்வீஸ் பந்து வலையை உரசிச் சரியான கட்டத்தில் விழுந்தால் லெட். அந்த சர்வீஸை மீண்டும் போட வேண்டும். "நெட்" திரிந்து லெட் ஆனது என்பார்கள், அது தவறு. இருவரும் ஒரே பக்கம் நின்று சுவரில் பந்தடித்து ஆடும் ஸ்குவாஷைப் பார்த்தால் ஐயமே வராது. அங்கே வலையே கிடையாது. எதிராளி வழியில் நின்று பந்தை அடிக்க முடியாமல் செய்தால், ஆட்டக்காரர் நடுவரிடம் "லெட் ப்ளீஸ்" என்று கேட்பார். நடுவர் ஏற்றால் அந்த ரேலி (ஒரு புள்ளிக்கான ஆட்டம்) மறுபடி ஆடப்படும்; அடித்தால் வென்றிருப்பார் என்ற நிலையை மறித்திருந்தால் "ஸ்ட்ரோக்" என்று கேட்டவருக்கே புள்ளி போகும்.