கேளுங்கள், சொல்கிறோம்: பத்திரிகையில் பிள்ளையார் இருந்தால் தபால் செலவு கூடுமா?

கேள்வி: மகள் கல்யாணப் பத்திரிகையை உள்ளூர்க்காரர்களுக்குத் தபாலில் அனுப்ப நினைக்கிறோம். அட்டையில் உலோகப் பிள்ளையார், உள்ளே குங்குமப் பொட்டலம். எடை குறைவுதான், ஆனாலும் சாதாரணத் தபால்தலை போதாது என்கிறார் கொழுந்தனார். ஏன்? - சிங்கப்பூர் யீஷூன் வாசகி

பதில்: கொழுந்தனார் சொல்வது சரிதான். எடையை மட்டும் பார்த்துக் கட்டணம் போடுவதில்லை, உறையின் அளவும் தடிமனும் சேர்ந்துதான் கணக்கு. கடிதங்களைப் பிரிப்பது இயந்திரம். உறை தட்டையாக, கொஞ்சம் வளைந்து கொடுத்தால்தான் சிக்காமல் ஓடும். புடைத்து நிற்கும் பிள்ளையாரும் பொட்டலமும் அதற்கு ஆகாது, அதனால் கூடுதல் கட்டண வகைக்குத் தள்ளிவிடுவார்கள். தபால்தலை வாங்குமுன் எல்லாம் போட்டு ஒட்டிய ஓர் உறையை அஞ்சலக முகப்பில் காட்டிக் கேளுங்கள். குங்குமத்தை விட்டாலே பாதிப் பிரச்சினை தீரும் (பெரியவர்கள் ஒப்புக்கொள்ள வேண்டுமே!).

அப்புறம், வீட்டில் பழைய தபால்தலைகள் கிடந்தால் மதிப்பைப் பாருங்கள். சாதாரணக் கடிதத்துக்கு 31 காசாக இருந்தது 2023 அக்டோபரில் ஒரேயடியாக 51 ஆகி, 2024 ஜனவரியில் ஜிஎஸ்டி 9 விழுக்காடானதும் 52 ஆனது. விலை அச்சிடாத ‘ஃபர்ஸ்ட் லோக்கல்’ தலைக்கு இந்தக் கவலை இல்லை, கட்டணம் ஏறினாலும் 20 கிராம் சாதாரண உள்ளூர்க் கடிதத்துக்குச் செல்லும்.

கேள்வி: கும்பகோணத்துக்குத் துணியும் பொம்மையும் அனுப்பக் கூரியரில் கேட்டேன். தராசு 1.6 கிலோ காட்டுகிறது, அவர்களோ 4.8 கிலோவுக்குப் பணம் கேட்கிறார்கள்! - உட்லண்ட்ஸ் வாசகர்

பதில்: ஏமாற்று இல்லை, உங்கள் பெட்டிதான் பெரிது. 40, 30, 20 சென்டிமீட்டர் பெட்டியா? மூன்றையும் பெருக்கி 5,000ஆல் வகுத்தால் 4.8. விமானத்தில் அடைக்கும் இடத்துக்கும் காசு என்பதால், இதையும் நிஜ எடையையும் ஒப்பிட்டு எது அதிகமோ அதைப் பிடிப்பார்கள். பொம்மையின் அட்டைப்பெட்டியைக் கழற்றிவிட்டுச் சின்னப் பெட்டிக்கு மாறுங்கள். இல்லையென்றால் தபாலில் சிறு பொதியாக அனுப்பலாம், அதற்கு நிஜ எடைதான் கணக்கு: 2 கிலோ வரை, மூன்று பக்கமும் கூட்டினால் 90 சென்டிமீட்டர், எந்தப் பக்கமும் 60ஐத் தாண்டக் கூடாது. உங்கள் பெட்டி அப்படியே பொருந்துகிறது.

சுங்கப் படிவத்தில் பொருளையும் மதிப்பையும் உள்ளபடி எழுதுங்கள். ‘கிஃப்ட்’ என்று போட்டால் வரி கிடையாது என்பதெல்லாம் பழைய கதை. 2019 டிசம்பரில் இந்தியா அந்தச் சலுகையை, ராக்கி, உயிர்காக்கும் மருந்து தவிர, நிறுத்திவிட்டது. அங்கே பொதியைப் பெறுபவரிடம் வரி கேட்கக்கூடும் என்று முன்பே சொல்லி வையுங்கள்.