அரிசி டிரம்முக்குள் ஒரு புத்தகம்

கேள்வி: எனக்கு வயது 43. வீட்டில் கணவர், எட்டாம் வகுப்புப் படிக்கும் மகள், மாமியார். சமையல், மாமியாருக்கு வேளாவேளைக்கு மருந்து, மகளின் டியூஷன் என்று பொழுது போய்விடுகிறது. சாயங்காலம் அரை மணி நேரம் நூலகப் புத்தகம் ஒன்றைப் படிப்பதுதான் எனக்கு ஒரே ஆறுதல். கணவரின் பைக் சத்தம் கேட்டால் மகளே சைகை காட்டிவிடுவாள், நானும் புத்தகத்தை அரிசி டிரம்மில் வைத்து மூடிவிடுவேன். அவர் இதுவரை திட்டியதில்லை. ஆனாலும் மனசு உறுத்துகிறது. ஒரு குடும்பப் பெண்ணுக்கு இந்தப் படிப்பால் என்ன பயன்?
– பெயர் வெளியிட விரும்பாத வாசகி

பதில்: ‘படியுங்கள் சகோதரி, புத்தகம் நல்ல நண்பன்’ என்று நான் எழுதுவேன் என எதிர்பார்த்திருப்பீர்கள். அதைச் சொல்ல நான் எதற்கு? இதே உறுத்தலோடு எனக்கு எத்தனையோ கடிதங்கள் வந்துவிட்டன. உங்கள் கடிதத்தில் என்னை நிறுத்தியது வேறு. ‘மகளே சைகை காட்டிவிடுவாள்’ என்று போகிற போக்கில் எழுதிவிட்டு அடுத்த வரிக்குப் போய்விட்டீர்கள். நான் அங்கேயே நின்றுவிட்டேன்.

எட்டாம் வகுப்புப் பிள்ளையை வாசலில் காவலுக்கு நிறுத்தியிருக்கிறீர்கள். வீட்டுப்பாடம் எழுதிக்கொண்டே அவள் காது தெருவில் இருக்கிறது. பைக் திரும்பும் சத்தம் கேட்டதும் கையை ஆட்டுகிறாள், நீங்கள் எழுந்து ஓடுகிறீர்கள், டிரம் மூடி விழுகிறது. தினமும் இதைப் பார்க்கிறவள் என்ன படிப்பாள்? பிடித்ததைச் செய்வது திருட்டு என்றும், அப்பா வந்தால் அதை ஒளிக்க வேண்டும் என்றும் படிப்பாள். நாளைக்கு அவள் உங்களிடமே எதையாவது மறைக்கும்போது எந்த முகத்தோடு கேட்பீர்கள்?

அந்த மனிதரையும் நினைத்துப் பாருங்கள். திட்டியதே இல்லை என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள். ஒரு வார்த்தை சொல்லாதவரைப் பெண்டாட்டியும் பிள்ளையும் சேர்ந்து போலீஸ்காரர் ஆக்கிவிட்டீர்கள், அவருக்கே தெரியாமல். நிஜமாகவே அவர் கோபக்காரராக இருந்தால், கோபப்பட்ட பிறகு எனக்கு எழுதுங்கள். அப்போது அவருக்கும் சேர்த்து நாலு வார்த்தை எழுதுகிறேன்.

வங்காளத்தில் ராஸசுந்தரி தேவி என்று ஒருவர் இருந்தார். 19-ஆம் நூற்றாண்டு. 12 வயதில் கல்யாணம், அடுத்தடுத்துப் பிள்ளைகள். பெண் எழுத்தைத் தொட்டாலே ஊர் ஏசிய காலம். கணவரின் புத்தகத்திலிருந்து ஓர் ஏட்டை உருவி, மகன் எழுதிப் பழகிய ஓலையோடு எழுத்து எழுத்தாக ஒப்பிட்டு, அடுப்படியில் ஒளித்து வைத்தே படிக்கப் பழகினார். பின்னாளில் தன் வாழ்க்கையைத் தானே எழுதி அச்சிலும் கொண்டுவந்தார். அவர் ஒளித்ததற்குக் காரணம் இருந்தது. உங்களுக்கு என்ன காரணம்?

நானே சொல்கிறேன். ராத்திரி சீரியல் பார்க்கிறீர்களா? அதற்கு மனசு உறுத்துவதில்லை. ஏனென்றால் கை பூண்டு உரித்துக்கொண்டிருக்கும், பக்கத்தில் மாமியார் இருப்பார். புத்தகம் அப்படி இல்லை. கையும் வேண்டும், கண்ணும் வேண்டும். அந்த அரை மணி நேரம் நீங்கள் யாருக்கும் உதவ மாட்டீர்கள். உறுத்துவது அதுதான், புத்தகம் இல்லை. பயன் என்ன என்று சீரியலைப் பார்த்து யாராவது கேட்டிருக்கிறீர்களா?

கடமையில் நான் யாருக்கும் சலுகை தருகிறவள் இல்லை. மாமியாரின் மருந்து வேளைக்குப் போய்ச் சேர வேண்டும், கதை எந்த இடத்தில் நின்றாலும் சரி. ஆனால் அவர் பெற்ற பிள்ளை சாயங்காலம் வீட்டுக்கு வந்துவிடுகிறாரே, அந்த ஒரு வேளை மாத்திரையை அவர் எடுத்துக் கொடுக்கட்டும். அம்மாவுக்கும் அதில் சந்தோஷம் இருக்கும், நீங்கள் கேட்டதில்லை, அவ்வளவுதான்.

இன்றைக்கே மகளிடம், ‘இனிமேல் நீ சைகை காட்ட வேண்டாம், அம்மா செய்தது தப்பு’ என்று சொல்லுங்கள். பிள்ளையிடம் தப்பை ஒப்புக்கொண்டால் கௌரவம் குறைந்துவிடாது. பைக் சத்தம் கேட்டால் எழுந்திருக்காதீர்கள். பக்கத்தை முடித்துவிட்டுப் போய்க் காபி போடுங்கள். ‘என்ன படிக்கிறே?’ என்று அவர் கேட்டால் கதையைச் சொல்லுங்கள்.

ஞாயிற்றுக்கிழமை மகளையும் நூலகத்துக்குக் கூட்டிப் போய், அவள் பெயரிலும் உறுப்பினர் அட்டை வாங்குங்கள். நம் மாநிலத்தில் 1948-லேயே நூலகச் சட்டம் வந்துவிட்டது. வீட்டு வரி கட்டும்போது ரூபாய்க்கு 10 பைசா நூலக வரியும் சேர்ந்துதான் போகிறது. உங்கள் வீட்டுக் காசிலும் அந்த அலமாரி நிற்கிறது.

இன்னொன்று. இப்போது கையில் இருக்கும் புத்தகத்தைத் திருப்பிக் கொடுக்கும் முன் வெயிலில் வைத்து நன்றாக உதறுங்கள். டிரம்மில் இருந்த வண்டு அடுத்தவர் வீட்டு அரிசிக்குப் போக வேண்டாம்.