கைதும் ரிமாண்டும்: தீர்ப்புகள் தரும் பாதுகாப்பு – கேள்வி பதில்

கேள்வி: ஆஜராகச் சொல்லி ஸ்டேஷனிலிருந்து வாட்ஸ்அப்பில் நோட்டீஸ் வந்திருக்கிறது. குற்றத்துக்கு அதிகபட்சம் 3 ஆண்டு தண்டனைதான். போகாவிட்டால் பிடிப்பார்களா?

பதில்: 7 ஆண்டு வரை தண்டனை உள்ள குற்றங்களில் எடுத்த எடுப்பில் கைது கூடாது என்பது அர்னேஷ் குமார் தீர்ப்பு (2014). கைது ஏன் தேவை என்று போலீஸ் எழுதிக் காட்ட வேண்டும். இல்லையென்றால் நோட்டீஸ்தான், இப்போது பிஎன்எஸ்எஸ் (பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்துக்குப் பதிலாக வந்த புதிய சட்டம்) பிரிவு 35(3). அதை வாட்ஸ்அப்பில் அனுப்பினால் செல்லாது என்று சதேந்தர் குமார் ஆன்டில் வழக்கில் 2025 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. அதற்காகச் சும்மா இருந்துவிடாதீர்கள். முறைப்படி நோட்டீஸ் கொடுத்தால் ஆஜராகத் தயார் என்று வக்கீல் மூலம் பதிவுத் தபாலில் எழுதி, ரசீதைப் பத்திரப்படுத்துங்கள்.

கேள்வி: என் தம்பி மார்ச் 1 முதல் ரிமாண்டில் இருக்கிறான். குற்றப்பத்திரிகை இன்னும் வரவில்லை. ஸ்டேட்யூட்டரி பெயில் எப்போது கேட்கலாம்?

பதில்: குறித்த நாளுக்குள் குற்றப்பத்திரிகை வராவிட்டால் உரிமையாகக் கிடைக்கும் ஜாமீன்தான் ஸ்டேட்யூட்டரி பெயில். அந்தக் கெடு 60 நாளா, 90 நாளா என்று முதலில் பாருங்கள். குற்றத்துக்கான தண்டனை மரணம், ஆயுள், அல்லது குறைந்தபட்சமே 10 ஆண்டு என்றால் 90. ‘10 ஆண்டு வரை’ என்றிருந்தால் 60தான். ராகேஷ் குமார் பால் (2017) அதைத் தெளிவாக்கியது.

அடுத்து, எண்ணும் முறை. கைதான தேதியிலிருந்து எண்ணக் கூடாது. ரிமாண்ட் செய்த நாளையும் சேர்த்து எண்ண வேண்டும் (கபில் வாதவான், 2023). 60 நாள் கெடு என்றால், உங்கள் கணக்கில் 60ஆம் நாள் ஏப்ரல் 29. ஏப்ரல் 30 காலை கோர்ட் திறந்ததும் மனு உள்ளே போக வேண்டும். மனுவுக்கு முன்பே குற்றப்பத்திரிகை வந்துவிட்டால் உரிமை போச்சு. மனு முந்திக்கொண்டால், அன்று மாலையே குற்றப்பத்திரிகை வந்தாலும் உரிமை நிற்கும் (எம்.ரவீந்திரன், 2020). ஆகவே தாக்கல் செய்த நேரத்தை மனுவில் குறிக்கச் சொல்லுங்கள்.

பலர் கோட்டைவிடுவது இதற்குப் பிறகுதான். ஆர்டர் வாங்கிவிட்டு ஜாமீன்தாரரைத் தேடி அலைவார்கள். ஜாமீன் கொடுக்க கோர்ட் தந்த கெடு தாண்டி, அதற்குள் குற்றப்பத்திரிகையும் வந்துவிட்டால் ஆர்டர் வீண். இரண்டு ஜாமீன்தாரர்களையும் அவர்களுடைய ஆவணங்களையும் முன்கூட்டியே தயாராக வையுங்கள்.

கேள்வி: கைதுக்கான காரணத்தை வாயால் சொன்னால் போதாதா?

பதில்: போதாது. எழுத்தில், அவருக்குப் புரியும் மொழியில் தர வேண்டும். உடனே முடியாவிட்டால், ரிமாண்டுக்கு ஆஜர்படுத்துவதற்கு 2 மணி நேரம் முன்பாவது (மிஹிர் ராஜேஷ் ஷா, 2025). தரவில்லை என்றால் மாஜிஸ்திரேட்டிடம் முதல் ரிமாண்டின்போதே சொல்லிப் பதிவு செய்ய வையுங்கள்.

கேள்வி: குண்டர் சட்டத்தில் போட்டால் இதெல்லாம் பொருந்துமா?

பதில்: அந்தத் தடுப்புக் காவல் உத்தரவுக்குப் பொருந்தாது. அங்கே பிடிமானம் அரசியலமைப்பின் 22(5): காவலுக்கான காரணத்தைத் தெரிவித்து, முறையிட வாய்ப்புத் தர வேண்டும் என்பது அது. காவலை எதிர்த்து அரசுக்கு உடனே முறையீடு அனுப்பிவிட்டு, உயர் நீதிமன்றத்தில் ஆட்கொணர்வு மனு போடுங்கள். முறையீட்டைக் காரணமில்லாமல் கிடப்பில் போட்டது, கொடுத்த நகல்கள் படிக்க முடியாதபடி மங்கலாக இருந்தது, தமிழாக்கம் தராதது: பல காவல் உத்தரவுகள் ரத்தானது இவற்றால்தான். எனவே காவலில் இருப்பவருக்குக் கொடுத்த புக்லெட்டை (காவல் காரணங்களும் ஆவண நகல்களும் அடங்கிய தொகுப்பு) பக்கம் பக்கமாகப் புரட்டிப் பாருங்கள்.