மாஸ்டரிடம் கேளுங்கள்: அதே 8 பாயிண்ட்

கேள்வி: மாஸ்டர், என் பெண் கல்லூரியில் முதலாண்டு. கூடைப்பந்து டீமில் கார்டாக, அதாவது பந்தைக் கொண்டுபோய் ஆட்டத்தை நடத்துகிற இடத்தில், ஆடுகிறாள். ஆகஸ்டில் மேட்ச்சுக்கு 8 பாயிண்ட் எடுத்தாள். பொங்கல் தாண்டியும் அதே 8தான். கோச்சோ, 'நல்லா முன்னேறியிருக்கா சார்' என்கிறார். எதை வைத்துச் சொல்கிறார்?
– ஒரு தந்தை, கும்பகோணம்

பதில்: நீங்கள் நெல் மூட்டையை எண்ணிவிட்டு, எத்தனை மா நிலத்தில் அறுத்தது என்று கேட்காமல் விட்டிருக்கிறீர்கள். ஆகஸ்டில் 12 ஷாட் போட்டு 4 விழுந்திருக்கலாம். இப்போது 7 ஷாட்டிலேயே 4 விழுகிறது என்றால், பாயிண்ட் அதேதான். ஆட்டம் அதே ஆட்டமில்லை. 6.75 மீட்டர் கோட்டுக்கு வெளியிலிருந்து விழுவதை மட்டும் ஒன்றரையாக எண்ணுங்கள், மற்றதற்கு இரண்டு பாயிண்ட் என்றால் அதற்கு மூன்று. 40 நிமிட ஆட்டத்தில் எவ்வளவு நேரம் களத்தில் இருந்தாள் என்பதையும் எழுதுங்கள். கோச் கூடுதல் நேரம் விடுகிறார் என்றால் அதுவே ஒரு சர்டிஃபிகேட்.

ஆனால் கார்டு ஆடுகிற பிள்ளையிடம் நான் முதலில் பார்ப்பது, பந்தை எத்தனை முறை பறிகொடுக்கிறாள் (டர்ன்ஓவர்) என்பதைத்தான். முதலாண்டுப் பிள்ளைகள் பெரும்பாலும் வலது பக்கமாகவே பந்தைத் தரையில் தட்டிக்கொண்டு ஓடுவார்கள். இரண்டு மேட்ச் பார்த்த எதிரணி அந்த வழியை அடைத்துவிடும். அப்போது இடது கைக்கு மாற்றுகிறாளா? இரண்டு பேர் வந்து மடக்கினால் தலையைத் தூக்கி ஆள் தேடுகிறாளா, பந்தையே பார்த்துக்கொண்டு நிற்கிறாளா? அவள் கொடுத்த பாஸில் இன்னொருத்தி கூடை போட்டால் பாயிண்ட் அந்தப் பெண்ணுக்கு. உங்கள் பெண்ணுக்கு அசிஸ்ட். அசிஸ்ட்டையும் டர்ன்ஓவரையும் பக்கத்துப் பக்கத்தில் எழுதி வாருங்கள், ஆகஸ்டுக்கும் இப்போதைக்கும் வித்தியாசம் தெரியும். இன்னொன்று: ஒரு பெண் நன்றாக ஆடத் தொடங்கினால் எதிரணி தன் கெட்டிக்கார டிஃபெண்டரை அவள் மேல்தான் விடும். அதற்கப்புறமும் 8 குறையவில்லையே, அதைப் பாருங்கள்.

எதிரணி ஃபவுல் செய்தால் கிடைக்கிற ஃப்ரீ த்ரோவைத் தனியாக எழுதுங்கள். கோட்டிலிருந்து போர்டுக்கு 4.6 மீட்டர், ரிங் உயரம் 3.05 மீட்டர், திருச்சியானாலும் மன்னார்குடியானாலும் மாறாது, யாரும் மறிக்கவும் முடியாது. (திறந்தவெளி சிமெண்ட் கோர்ட்டில் ஆடிக் காற்று மறிக்கும், அது வேறு கதை.) ஒரு மேட்ச்சில் இரண்டு மூன்றுதான் கிடைக்கும் என்பதால் ஐந்தாறு மேட்ச்சைச் சேர்த்துப் பாருங்கள்.

ஐப்பசி, கார்த்திகையில் கோர்ட் நனைந்து பயிற்சி நின்றிருக்கும். மழை விட்டதும் ஆடிய முதல் ஓரிரு மேட்ச்சைக் கணக்கில் சேர்க்காதீர்கள், எல்லாப் பிள்ளைகளுக்கும் மூச்சு வாங்கும்.

அப்புறம், நோட்டை அவள் கேட்டால் காட்டுங்கள். மேட்ச் முடிந்து திரும்புகிற பஸ்ஸில் மட்டும் வேண்டாம். அந்த நேரத்தில் இட்லியும் கடப்பாவும் வாங்கிக் கொடுத்தால் போதும்.