சிறுநீரக ஆய்வுக்கூடத்தில் டெக்னீஷியன் வேலைக்குப் போகலாமா?

பாலிடெக்னிக் டிப்ளோமா முடித்த உங்களுக்கு இங்கே சிங்கப்பூரில் ஒரு சிறுநீரக ஆய்வுக்கூடத்தில் வேலை கிடைத்திருக்கிறது, "எலி பார்க்கிற வேலைதானே" என்று வீட்டில் இழுக்கிறார்கள் என்று எழுதியிருக்கிறீர்கள். எனக்கும் அதையே சொன்னார்கள். 11 வருடமாக இதில்தான் இருக்கிறேன். தயங்காமல் போங்கள்.

சுண்டெலி ஒரு நாளைக்குக் கழிக்கும் சிறுநீர் ஒன்றிரண்டு மில்லிதான். அதை மெட்டபாலிக் கூண்டில், அதாவது கம்பிவலைத் தரைக்குக் கீழே புனலும் சேகரிப்புக் குழாயும் வைத்த கூண்டில், 24 மணி நேரம் சேகரிப்போம். தீவனத் துணுக்கு விழுந்தாலே சோடியம் கணக்கு கெட்டுவிடும். ஒருமுறை, மருந்து கொடுத்த எலிகளுக்குச் சிறுநீர் இரண்டு மடங்கு வந்தது, அடர்த்தியோ பாதி. சிறுநீரகம் தண்ணீரைத் திரும்ப உறிஞ்சவில்லை, பெரிய கண்டுபிடிப்பு என்று பிஎச்டி மாணவர் ஸ்லைடுகூடத் தயாரித்துவிட்டார். என் நோட்டைப் புரட்டினேன். மருந்தே கொடுக்காத பழைய எலிகளுக்கும் அதே மூன்று கூண்டுகளில் அளவு கூடுதலாகத்தான் இருந்தது. வெள்ளிக்கிழமை மாலை எலியே இல்லாமல் அந்தக் கூண்டுகளில் தண்ணீர்ப் புட்டியை மட்டும் மாட்டிவிட்டுப் போனேன். மறுநாள் விடிந்ததும் உட்லண்ட்ஸிலிருந்து எம்ஆர்டி பிடித்து வந்து பார்த்தால், ஒவ்வொரு சேகரிப்புக் குழாயிலும் ஒன்றரை மில்லி! புட்டி மூக்கு சரியாகப் பொருந்தாமல் புனலுக்குள் சொட்டியிருக்கிறது.

சோதனையைத் திரும்பச் செய்தார்கள், கட்டுரையும் வந்தது. நன்றியுரையில்கூட என் பெயர் இல்லை. சம்பளம் வாங்கினாயே என்பார்கள். வாங்கினேன், ஆனால் அந்தச் சனிக்கிழமை என்னை யாரும் வரச் சொல்லவில்லை.

எலிகளை வதைக்கிறீர்கள் என்று சிலர் சண்டைக்கு வருவார்கள். இங்கே நெறிமுறைக் குழுவின் ஒப்புதல் இல்லாமல், பயிற்சி முடிக்காமல், ஓர் எலியைத் தொட முடியாது. என் அம்மாவுக்கு வாரம் மூன்று நாள், நான்கு நான்கு மணி நேரம் டயாலிசிஸ். நல்ல சிறுநீரகங்கள் நாளுக்கு 180 லிட்டர் வடிகட்டுகின்றன என்று தெரிந்த பிறகு, அந்த நாற்காலியில் அவர் சோர்ந்து கிடப்பதை வேறு மாதிரிதான் பார்க்க முடிகிறது. அவருக்குக் கொடுத்த தமிழ்த் துண்டறிக்கையைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். "பொட்டாசிய உட்கொள்ளலை மட்டுப்படுத்தவும்" என்று போட்டிருந்தது. இளநீரில் பொட்டாசியம் அதிகம், குடிக்காதீர்கள் என்று ஒரு வரி எழுதினால் என்ன? குளிர்ச்சி என்று நம்பி அவர் தேக்காவில் வாங்கி வாங்கிக் குடித்துக்கொண்டிருந்தார்.

சரி, உங்கள் விஷயம். நேர்முகத்தில் இரண்டு கேளுங்கள்: கட்டுரையில் டெக்னீஷியன் பெயர் போடுவார்களா, வார இறுதியில் வந்தால் மாற்று விடுப்பு உண்டா.