பேட் பிச்சுக்கிட்டு வந்துடுச்சா?

கேள்வி: எல்இடி டிவியோட பவர் சப்ளை போர்டுல கெப்பாசிட்டர் வீங்கிப்போச்சு, நானே மாத்திடலாம்னு 25 வாட் சால்டரிங் அயன் வாங்கினேன். எவ்வளவு நேரம் வச்சாலும் சால்டர் சரியா உருகல, கடைசில கொஞ்சம் ஆட்டி இழுத்தேன், காலோட சேர்ந்து காப்பர் பேடும் (காலை சால்டர் பண்ற சின்ன செம்புத் தகடு) வந்துடுச்சு. சூடு அதிகமாயிடுச்சா? போர்டு இனி அவ்வளவுதானா?
- வாசகர், திண்டுக்கல்

பதில்: போர்டு தப்பிச்சிடும், கவலைப்படாதீங்க. சூடு அதிகமாகல, பத்தல. 2006-ல ஐரோப்பிய யூனியன் எலக்ட்ரானிக் சாமான்ல ஈயத்துக்குத் தடை போட்டதுல இருந்து கம்பெனி போர்டுல பெரும்பாலும் லெட் ஃப்ரீ (ஈயம் இல்லாத) சால்டர்தான், அது உருகவே 217 டிகிரி வேணும், நாம கடையில வாங்குற 60/40 (60 பங்கு வெள்ளீயம், 40 பங்கு ஈயம்) சால்டரோ 183-லயே இளக ஆரம்பிச்சிடும். அதுலயும் கிரவுண்ட் (நெகட்டிவ்) பக்கத்து கால் பெரிய காப்பர் பரப்போட சேர்ந்திருக்கும், நீங்க குடுக்குற சூட்டை எல்லாம் அதுவே இழுத்துக்கும், சின்ன அயன் திணறும், நீங்களும் வச்சுக்கிட்டே இருப்பீங்க, அதுக்குள்ள பேடை போர்டோட ஒட்டியிருக்குற பசை இளகிடும், அந்த நேரம் பார்த்து இழுத்தா பேட் வராம என்ன செய்யும். பிரவுன் கலர் போர்டா இருந்தா இது இன்னும் சீக்கிரம் நடக்கும்.

அதனால 50, 60 வாட் டெம்பரேச்சர் கன்ட்ரோல் அயன் வாங்குங்க, 350 டிகிரில வச்சு சட்டுனு வேலையை முடிச்சிடணும். அயனோட முனை, அதான் பிட், கறுத்துப்போயிருந்தா எத்தனை வாட்டா இருந்தாலும் சூடு இறங்காது, ஈர ஸ்பாஞ்சுல துடைச்சு உடனே சால்டர் பூசி பளபளன்னு வச்சுக்கோங்க, தயவுசெஞ்சு அரம் போட்டு ராவாதீங்க, மேல இருக்குற பூச்சு போனா பிட் அதோட காலி.

இப்போ முக்கியமான விஷயம். கழட்டுறதுக்கு முன்னாடி அந்த ஜாயின்ட்ல கொஞ்சம் ஃப்ளக்ஸ் (சால்டர் நல்லா பரவி ஒட்ட உதவுற பசை) தடவி புது 60/40 சால்டரை ஏத்துங்க. எடுக்கப்போற இடத்துல எதுக்குடா இன்னும் போடணும்னு தோணும், ஆனா புதுசு பழசோட கலந்து உருகுற சூட்டைக் குறைச்சிடும், பிட்ல இருந்து சூடும் நல்லா பரவும். மொத்தமா உருகி மினுமினுன்னு ஆடும் பாருங்க, அப்போ சால்டர் உறிஞ்சுற பம்ப் வச்சு உறிஞ்சுங்க, இல்லன்னா கால் ஒண்ணொண்ணா மாத்தி மாத்தி சூடு பண்ணி கெப்பாசிட்டரை மெல்ல சாய்ச்சா தானா வெளிய வந்துடும், இழுக்கவே வேண்டாம்.

போன பேடுக்கு: அதுல இருந்து போற டிராக்கை (போர்டு மேல ஓடுற காப்பர் கோடு) பிளேடால லேசா சுரண்டுங்க, காப்பர் தெரிஞ்சதும் சால்டர் பூசி, புது கெப்பாசிட்டர் காலை வளைச்சு அது மேல படுக்க வச்சு சால்டர் பண்ணுங்க. கெப்பாசிட்டர் மேல இருக்குற நெகட்டிவ் கோடு எந்தப் பக்கம்னு பார்த்துக்கோங்க, மாத்திப் போட்டா வெடிக்கும்.

ஒண்ணு மட்டும் மறந்துடாதீங்க, அந்த போர்டுல 400 இல்ல 450 வோல்ட்னு போட்ட பெரிய கெப்பாசிட்டர் இருக்கும், பிளக்கைப் பிடுங்கின பிறகும் அதுல 300 வோல்ட்டுக்கு மேல நிக்கலாம். சாதாரண குண்டு பல்பை ரெண்டு வயர்ல கட்டி அந்தப் பெரிய கெப்பாசிட்டரோட ரெண்டு கால்லயும் தொட்டு டிஸ்சார்ஜ் பண்ணி, மல்டிமீட்டர்ல வோல்ட்டேஜையும் பார்த்துட்டு அப்புறமா கை வைங்க.

கேள்வி: சால்டர் பண்ணும்போது வர்ற புகை ஈயப் புகையா? வீட்ல சின்னக் குழந்தை இருக்கு.
- வாசகி, தஞ்சாவூர்

பதில்: அது ஃப்ளக்ஸ்ல இருக்குற ரோசின் (பைன் மரப் பிசின்) எரியுற புகைங்க, ஈயம் ஆவியாகுற அளவுக்கு அயன் சூடாகாது. அதுக்காக அந்தப் புகை நல்லதுன்னு இல்ல, ஆஸ்துமாவைக் கிளப்பும், ஜன்னலைத் திறந்து வச்சு ஒரு சின்ன ஃபேன் போட்டு புகையை வெளிய தள்ளிவிடுங்க, குழந்தையை அந்த ரூம்ல வச்சுக்காதீங்க. ஈயம் உடம்புக்குள்ள போறது கை வழியாத்தான், அதனால வேலை முடிஞ்சதும் சோப்பு போட்டுக் கழுவாம குழந்தையைத் தூக்காதீங்க, சால்டர் துணுக்கு விழுந்த டேபிளை ஈரத்துணியால துடைச்சுடுங்க.